ஒடிந்த ஸ்போக்ஸ் கம்பியை மாற்றுவது: பின்சக்கரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஒடிந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதியதைக் கோக்கும் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வேலைதான் அரை நாளை விழுங்கும். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிளஸ் ஒன் பிள்ளைகள் சைக்கிளோடு வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். கை வராததால் அல்ல. எதற்கு முன் எதைச் செய்வது என்று தெரியாததால்.

இங்கே சொல்வது 28 அங்குலச் சக்கரம் கொண்ட, கியர் இல்லாத சாதாரணக் கறுப்பு சைக்கிளை வைத்து. அதில் முன்சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின்சக்கரத்துக்கு 40. கியர் சைக்கிளில் 36 அல்லது 32 இருக்கும். முறை ஒன்றுதான், மாறும் இடங்களில் சொல்கிறேன். வலம், இடம் என்பது சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் வலம், இடம். செயின் இருப்பது வலப்பக்கம்.

1. வழியில் ஒடிந்தால்

"டிங்" என்று ஒரு சத்தம் கேட்கும், சக்கரம் பாம்பு போல நெளியும். இறங்கிவிடுங்கள். ஒடிந்த துண்டைப் பக்கத்துக் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள். தொங்கவிட்டால் அது செயினிலோ மட்கார்டு தாங்கியிலோ மாட்டி, நன்றாக இருக்கும் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

வலப்பக்கக் கம்பி ஒடிந்தால் அந்த இடத்தில் ரிம் (டயர் உட்காரும் இரும்பு வளையம்) இடப்பக்கம் சாயும். இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால் எதிர்ப்பக்கம் வெல்கிறது. டயர் உரசினால், ஒடிந்ததற்கு இரு பக்கமும் உள்ள இரண்டு கம்பிகளை ஆளுக்கு அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். ரிம்மில் அடுத்தடுத்து இருப்பவை எதிர்ப்பக்கக் கம்பிகள்தான் என்பதால் ரிம் நடுவுக்கு வரும். தளர்த்திய இரண்டிலும் ஒரு நூலைக் கட்டிவையுங்கள். வீட்டுக்கு வந்து புதுக் கம்பி போட்டதும் இந்த இரண்டையும் மறுபடி இறுக்க மறந்துவிட்டு, "கோட்டம் போகவே மாட்டேன் என்கிறது" என்று திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேரியரில் இருப்பதை இறக்கி வையுங்கள். நிரம்பிய வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. அத்தனையும் பின்சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

2. எங்கே ஒடிந்தது என்று பாருங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஹப் (சக்கரத்தின் நடுவில், அச்சைச் சுற்றியிருக்கும் குடம்) ஓரத்தில், கொக்கி போல வளைந்திருக்கும் கழுத்தில் ஒடிந்திருந்தால் (பெரும்பாலும் அங்கேதான் ஒடியும்) காரணம் தொய்வு. "ரொம்ப இறுக்கிவிட்டார்கள், அதனால்தான் ஒடிந்தது" என்று எல்லோரும் சொல்வார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் கீழிருந்து முட்டுக்கொடுத்து நிற்கிறது. சைக்கிள் கம்பி அப்படி முட்டுக்கொடுக்காது. மெல்லிய கம்பி வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பதால்தான் சக்கரம் நிற்கிறது. தரையைத் தொடும் இடத்துக்கு வரும்போது கம்பியின் விறைப்பு கொஞ்சம் குறையும், மேலே போனதும் திரும்பும். 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் இது நடக்கிறது. கம்பி விறைப்பாக இருந்தால் கழுத்து ஹப் ஓட்டையில் அசையாமல் இருக்கும். தொய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து ஆடும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான்.

ஆகவே ஒன்று ஒடிந்திருந்தால் மற்றவையும் தொய்ந்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதியதை மாட்டிவிட்டு மற்றதைப் பார்க்காமல் விட்டால், அடுத்த மாதம் அடுத்தது ஒடியும்.

நடுவில் ஒடிந்திருந்தால் ஏதோ உள்ளே மாட்டியிருக்கிறது அல்லது அடிபட்டிருக்கிறது. மரை இருக்கும் நுனியில், நிப்பிளுக்குள்ளேயே (கம்பியை ரிம்மில் பிடித்து நிறுத்தும் சிறு நட்டு) ஒடிந்திருந்தால் துரு, அல்லது கம்பியின் நீளம் போதவில்லை.

3. கம்பி வாங்குவது

பிள்ளைகள் அதிகம் பணம் வீணாக்குவது இங்கே. "28 சைக்கிளுக்கு ஒரு கம்பி" என்று கேட்டு வாங்கி வருவார்கள். முன்சக்கரக் கம்பியும் பின்சக்கரக் கம்பியும் ஒரே நீளம் அல்ல. கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட வேறு வேறு.

ஒடிந்த கம்பியையே கடைக்கு எடுத்துப் போங்கள். நிப்பிளிலிருந்து திருகி எடுத்த நீளத் துண்டு போதும். கழுத்தில் ஒடிந்ததென்றால் கிட்டத்தட்ட முழு நீளமும் அதில் இருக்கிறது. அளப்பது கொக்கி வளைவின் உட்புறத்திலிருந்து மரை முடியும் நுனி வரை. தலையையும் சேர்த்து அளக்காதீர்கள். புதுக் கம்பியைப் பழையதோடு ஒட்டி வைத்து, மரை நுனிகள் ஒன்றாக நிற்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். 1 மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. 3 ஆனால் வேண்டாம்.

குறைந்தால் என்ன ஆகும்? கம்பி நிப்பிளின் தலை வரைக்கும் ஏறாது, இழுப்பு முழுவதும் நிப்பிளின் மெல்லிய கழுத்தில் விழும், ஒரு நாள் தலை தனியாகக் கழன்றுவிடும். நீண்டால் நுனி ரிம்முக்கு மேலே நீட்டிக்கொண்டு டியூபைக் குத்தும். அல்லது விறைப்பு வருவதற்கு முன்பே மரை தீர்ந்து, சாவி திரும்பவே திரும்பாது.

அடுத்தது தடிமன். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்: 14 கேஜ் 2 மில்லிமீட்டர், 13 கேஜ் 2.3 மில்லிமீட்டர். 13 கேஜ் கம்பி 14 கேஜ் நிப்பிளுக்குள் நுழையாது. 14 கேஜ் கம்பியை 13 கேஜ் நிப்பிளில் போட்டால் மரை பிடிக்காமல் வழுக்கும். கம்பியோடு அதற்குரிய நிப்பிளையும் சேர்த்தே வாங்குங்கள், இரண்டு ஜோடியாக. பழைய நிப்பிளில் துருவும் தேய்மானமும் இருக்கும். விலையும் ஒன்றும் பெரியதல்ல.

4. கையருகே இருக்க வேண்டியவை

நிப்பிள் சாவி. கடையில் கிடைக்கும் வட்டச் சாவியில் பல அளவு வெட்டுகள் இருக்கும். நிப்பிளில் சிறிதும் ஆட்டமில்லாமல் உட்காரும் வெட்டைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நெயில்பாலிஷ் புள்ளி வைத்துவிடுங்கள். ஒரு அளவு பெரிய வெட்டில் போட்டுத் திருகினால் நிப்பிளின் நாலு மூலையும் உருண்டுவிடும்; அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது.

மற்றவை: அச்சு நட்டுக்கான ஸ்பேனர், டயர் கழற்றும் லீவர் இரண்டு, தட்டைத் திருப்புளி, சிறிய அரம், எண்ணெய், பம்ப், ஒரு சாக்பீஸ். வலப்பக்கக் கம்பி என்றால் ஃபிரீவீல் (பின்சக்கரத்தில் செயின் ஓடும் பற்சக்கரம்) கழற்றும் கருவியும் அதைப் பிடிக்க ஒரு வைஸும் (பட்டறை மேசையில் பொருத்தும் இடுக்கி). வைஸ் வீட்டில் இருக்காது. கழற்றிய சக்கரத்தைப் பட்டறைக்கோ சைக்கிள் கடைக்கோ எடுத்துப்போய் அதை மட்டும் கழற்றித் தரச் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. முதலில் ஃபிரீவீல், பிறகுதான் டயர்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றுங்கள். இடப்பக்கக் கம்பி ஒடிந்திருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வலப்பக்கம் என்றால் ஹப்பின் ஓட்டைகளை ஃபிரீவீல் மறைத்துக்கொண்டிருக்கும்.

கம்பியை வில்லாக வளைத்து எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று தோன்றும். சில ஹப்புகளில் முடியவும் முடியும். ஆனால் அழுத்தி வளைத்தால் கம்பியில் ஒரு முறிவு விழும். அந்த முறிவு பிறகு நேராகாது, விறைப்பும் நிற்காது. கழற்றிவிடுவதே நல்லது.

ஃபிரீவீலின் உள்வட்டத்தில் உள்ள வெட்டுகளுக்குப் பொருந்தும் கருவியை உள்ளே வைத்து, நழுவாமல் இருக்க அச்சு நட்டை மேலே லேசாகப் பூட்டுங்கள். கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தை பஸ் ஸ்டியரிங் போல இரு கைகளாலும் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்புங்கள். பெடல் மிதிக்க மிதிக்க ஃபிரீவீல் இறுகிக்கொண்டே வந்திருக்கும், அசைய மறுக்கும். எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். "டக்" என்று விட்டதும் நிறுத்தி நட்டைக் கழற்றுங்கள். கழற்றாமல் தொடர்ந்து திருப்பினால் வெளியே வரும் ஃபிரீவீல் நட்டில் முட்டி அச்சின் மரையைக் கெடுக்கும்.

இதைச் செய்யும்வரை டயரைக் கழற்றாதீர்கள், கம்பிகளையும் தளர்த்தாதீர்கள். டயர் இருந்தால் பிடி கிடைக்கும். ரிம்மின் விட்டம்தான் உங்கள் நெம்புகோல். சக்கரம் முழுவதற்கும் கம்பி மாற்றுவதாக நினைத்து, நாற்பதையும் வெட்டி எடுத்துவிட்டு வெறும் ஹப்பைக் கொண்டுவந்த மாணவன் ஒருவன் இருந்தான். ஹப்பைப் பிடித்துத் திருப்ப எதுவும் இல்லாமல் அன்று மாலை முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

இன்னொன்று: ஃபிரீவீலின் முகத்தில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். உளி வைத்து அதை அடித்தால் கழன்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். கழலும், ஆனால் கழல்வது ஃபிரீவீலின் மூடி. உள்ளே இருக்கும் பொடிக்குண்டுகள் திண்ணை முழுக்கச் சிதறும்.

பல பற்சக்கரங்கள் கேசட்டாக (ஹப்பில் செருகிப் பூட்டுவளையத்தால் இறுக்கிய அடுக்காக) இருக்கும் சைக்கிளில் இந்த முறை பொருந்தாது. அதற்குப் பூட்டுவளையம் கழற்றும் கருவியும், பற்சக்கரத்தைச் செயினால் பிடித்து நிறுத்தும் கம்பியும் வேண்டும்.

6. கோப்பது

இப்போது காற்றை இறக்கி, டயர், டியூப், ரிம் நாடா மூன்றையும் எடுங்கள். நாடாவை எடுக்காமலேயே பழைய நிப்பிளில் புதுக் கம்பியைத் திருகிவிடலாம். வழியில் அப்படிச் செய்வதுண்டு. வீட்டில் செய்யும்போது வேண்டாம். நுனி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல் டயரை மூடக் கூடாது.

ஹப்பில் ஓட்டை காலியாக இருக்கிறது, ரிம்மிலும் காலியாக இருக்கிறது. அதனால் எங்கிருந்து எங்கே என்பதில் குழப்பம் வராது. குழப்பம் இரண்டு விஷயங்களில்.

முதலாவது, தலை எந்தப் பக்கம்? ஹப்பின் ஒரு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரு கம்பியின் தலை வெளியே தெரியும், அடுத்ததன் தலை உள்ளே, அடுத்தது வெளியே என்று மாறி மாறிப் போகும். காலி ஓட்டைக்கு இரு பக்கமும் தலை வெளியே தெரிந்தால் உங்கள் கம்பியை உட்புறத்திலிருந்து வெளியே நுழையுங்கள். உள்ளே இருந்தால் வெளியிலிருந்து உள்ளே.

இரண்டாவது, பின்னல். கம்பி ரிம்முக்குப் போகும் வழியில் அதே பக்கத்தின் மற்றக் கம்பிகள் சிலவற்றைக் குறுக்காகக் கடக்கும். ஹப்பை ஒட்டிய கடப்புகளில் ஒரே பக்கமாகவே போய், கடைசிக் கடப்பில் மட்டும் பக்கம் மாறும்; பாய் முடைவது போல. இந்தக் கடைசி மாற்றத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் சக்கரம் ஓடும், ஆனால் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தாங்காமல் தனித்தனியாக ஆடும், சீக்கிரம் தொய்யும்.

சந்தேகம் வந்தால் ரிம்மில் நாலாவது கம்பியைப் பாருங்கள். காலி ஓட்டையிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் வரும் கம்பி உங்கள் கம்பியின் இரட்டைப்பிறவி. அதே பக்கம், அதே சாய்வு, அதே பின்னல். அதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். இரண்டு மூன்று கம்பிகள் ஒடிந்திருந்தாலும் இந்த எண்ணிக்கை கைவிடாது.

பின்னும்போது கம்பியை முழு நீளத்துக்கும் வில் போல மெதுவாக வளைக்கலாம். ஒரே இடத்தில் மடக்காதீர்கள். மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நிப்பிளை ரிம்முக்கு மேலிருந்து போட்டு, விரலால் திருகுங்கள். பக்கத்துக் கம்பிகளில் நிப்பிளுக்குக் கீழே எவ்வளவு மரை தெரிகிறதோ அவ்வளவு தெரியும்வரை திருப்புளியால் ஏற்றலாம். அதன் பிறகே சாவி.

7. எந்தப் பக்கம் திருகினால் இறுகும்

இது ஒரு சிறு விஷயம். ஆனால் திண்ணையில் அதிகக் கண்ணீர் இதில்தான். டயர் பக்கத்திலிருந்து, அதாவது சக்கரத்துக்கு வெளியிலிருந்து நிப்பிளின் தலையைப் பார்த்தால் வலஞ்சுழி இறுக்கும். ஆனால் நாம் சாவியைப் போடுவது உள்ளிருந்து. ஹப் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தால் அதே திருப்பம் இடஞ்சுழியாகத் தெரியும்.

ஒரு மாணவி, ரிம் இன்னும் இன்னும் விலகிப் போவதைப் பார்த்து "போதவில்லை" என்று அதே பக்கம் ஆறு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொன்றும் தளர்ந்துகொண்டே போனது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே யோசனைதான் சொல்கிறேன்: சாவியைத் திருப்புவதற்கு முன், ரிம்முக்கு வெளியே நின்று திருப்புளியால் திருகுவதாகக் கையால் ஒரு முறை செய்து பாருங்கள். கை எந்தப் பக்கம் சுழன்றதோ, சாவியையும் அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

8. காதால் விறைப்பைப் பிடிப்பது

ஃபிரீவீலைக் கையால் திருகி விட்டு, வெறும் ரிம்மோடு சக்கரத்தைத் திரும்ப மாட்டி, கம்பிகளை விரல் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டுங்கள். தம்புரா தந்தி போல ஒலிக்கும். தொய்ந்தது "டொக்" என்று மங்கலாக ஒலிக்கும், விறைத்தது "டிங்" என்று தெளிவாக.

புதுக் கம்பியை அதே பக்கத்துக் கம்பிகளின் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடாதீர்கள், கியர் சைக்கிளில் வலப்பக்கம் எப்போதும் கூடுதல் விறைப்போடுதான் இருக்கும்.

சுண்டிக்கொண்டே போகும்போது மங்கலாக ஒலிக்கும் கம்பிகளுக்கெல்லாம் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். இரண்டாம் பகுதியில் சொன்னேனே, அடுத்து ஒடியப்போகிறவை இவைதான். ஒவ்வொன்றையும் கால் சுற்றுக் கால் சுற்றாக ஏற்றுங்கள்.

9. கோட்டம் எடுப்பது

ஒடிவதற்கு முன்பு சக்கரம் நேராக இருந்ததென்றால், கோட்டம் இருக்கும் இடம் ஒடிந்த கம்பியின் இடம் மட்டுமே. அதனால் முதலில் புதுக் கம்பியை மட்டும் தொடுங்கள். புதியவர்கள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஆடும் இடமெல்லாம் சாவி போடுவார்கள். பத்து நிமிடத்தில் முதலில் இருந்ததைவிட மோசமாகும்.

பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸை ஊன்றிப் பிடித்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ரிம் எங்கே வெளியே தள்ளுகிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். இடப்பக்கம் கோடு விழுந்தால் அந்த இடத்தின் வலப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும். கோட்டின் நடுவில் உள்ள கம்பிக்கு அரைச் சுற்று, ஓரத்தில் உள்ளவற்றுக்குக் கால் சுற்று. அதே இடத்தின் இடப்பக்கக் கம்பிகளை அதே அளவு தளர்த்துங்கள். இறுக்கிக்கொண்டே போனால் ரிம் அந்த இடத்தில் ஹப் நோக்கி இழுக்கப்பட்டு, வட்டம் சப்பையாகிவிடும்.

பிறகு மேடு பள்ளம். கம்பி பிரேக் (கேபிள் இல்லாமல் இரும்புத் தண்டுகளால் இழுபடுவது) உள்ள கறுப்பு சைக்கிளில் இது முக்கியம், ஏனென்றால் அதில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. ரிம்மின் உட்புறத்தை அழுத்துகிறது. மேடான இடத்தில் இரு பக்கக் கம்பிகளையும் ஜோடியாக இறுக்குங்கள், பள்ளமான இடத்தில் ஜோடியாகத் தளர்த்துங்கள்.

பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். நம் தெருக்களுக்கு அது போதும். அதையும் ஒழித்துவிட வேண்டும் என்று இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து, நல்ல சக்கரத்தைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் திருகத் திருகச் சில கம்பிகள் நிப்பிளோடு சேர்ந்து தாமே முறுக்கிக்கொள்ளும். வண்டி ஓடும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, கோட்டம் திரும்பும். எனவே வேண்டியதைவிடச் சிறிது கூடுதலாகத் திருப்பி, அந்தச் சிறிதைப் பின்னால் விடுங்கள். கடைசியில், ஒரே பக்கத்தில் ஏறக்குறைய இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் பிடித்து அழுத்திப் பிசையுங்கள், சக்கரம் முழுக்க. "டிக் டிக்" என்று சத்தம் வரும். கழுத்துகள் ஹப்பில் சரியாக உட்காரும் சத்தம் அது. கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முறை சாக்பீஸ் வைத்துப் பாருங்கள்.

10. மூடுவதற்கு முன்

சக்கரத்தைக் கழற்றி, நிப்பிள் தலைகளின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுங்கள். தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அரத்தால் தேய்த்துவிடுங்கள். ரிம் நாடா கிழிந்திருந்தால் புதியது போடுங்கள்; பழைய நாடாவைப் போட்டுப் பத்தாம் நாள் பஞ்சர் ஆனால், கம்பியைத்தான் திட்டுவீர்கள்.

பின்சக்கரம் இரு பக்கக் குழாய்களுக்கும் நடுவில் நிற்க வேண்டும். செயினை விரலால் தூக்கினால் சுமார் அரை அங்குலம் தொய்ய வேண்டும். அதன் பிறகு நட்டுகளை இறுக்குங்கள். கையால் திருகிய ஃபிரீவீல் நீங்கள் மிதிக்கும்போது தானாக இறுகிக்கொள்ளும்.

முதல் நூறு மீட்டரில் ஒன்றிரண்டு "டிக்" கேட்டால் பயப்படாதீர்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடியும் நகத்தால் சுண்டிப் பாருங்கள். புதுக் கம்பியின் சுருதி சற்று இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் கால் சுற்று ஏற்றுங்கள்.

11. எப்போது ஒற்றைக் கம்பி மாற்றுவதை நிறுத்துவது

சில மாதங்களுக்குள் அதே பக்கத்தில் மூன்றாவது கம்பி ஒடிந்தால், மீதமுள்ளவையும் அதே அளவு களைத்தவை. அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றிவிடுவதுதான் மலிவு. எல்லாக் கம்பிகளும் ஒரே சுருதியில் இருந்தும் ரிம் ஓரிடத்தில் நெளிந்தே நின்றால், வளைந்திருப்பது ரிம். அதைச் சாவியால் இழுத்து நேராக்கினால் அங்குள்ள கம்பிகள் ஒன்று விறைத்தும் ஒன்று தொய்ந்தும் நிற்கும், தொய்ந்தது ஒடியும். ரிம்மை மாற்றுங்கள்.

இரண்டு ஜோடி வாங்கச் சொன்னேனே, மிஞ்சிய அந்த ஒரு கம்பியையும் நிப்பிளையும் இருக்கைக்குக் கீழே உள்ள குழாயில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். நிப்பிள் தொலையாமல் இருக்க அதைக் கம்பியிலேயே திருகி வையுங்கள்.